மூச்சுக்கேற்ற ஆக்சிஜன் கருவி சரிவர வேலை செய்யாதபோது: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

வீட்டின் மூலையில் நின்று ஓயாமல் ஓடி, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் பெரிய ஆக்சிஜன் செறிவூட்டிக்கும், தோளில் மாட்டிக்கொண்டு வெளியே செல்லக்கூடிய சிறிய செறிவூட்டிக்கும் உருவத்தில்தான் வேறுபாடு என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. பெரியது, நோயாளி மூச்சை இழுத்தாலும் விட்டாலும், ஒரே சீராக ஆக்சிஜனை அனுப்பிக்கொண்டிருக்கும்; இது தொடர் ஓட்டம். சிறிய கருவிகளில் பெரும்பாலானவை, மூச்சை இழுக்கத் தொடங்கும்போது மூக்கில் உண்டாகும் மிக மெல்லிய உறிஞ்சலை, மூக்கில் மாட்டும் கேனுலா என்ற குழாயின் வழியே உணர்ந்து, அந்தக் கணத்தில் ஓர் அளவு ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு, அடுத்த மூச்சு வரை காத்திருக்கும். இந்தத் தள்ளலைப் பல்ஸ் என்கிறார்கள். சிலிண்டரின் தலையில் பொருத்தும் கன்சர்வர் என்ற சிக்கனக் கருவியும் இதே முறையில் இயங்குவதுதான்.

பல்ஸ் எப்போது வருகிறது என்பது, எவ்வளவு வருகிறது என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியம் உடையது. நிமிடத்துக்கு 20 முறை மூச்சு விடுபவருக்கு ஒரு சுற்றுக்கு 3 வினாடி ஆகும். அதில் இழுப்பதற்கு ஏறத்தாழ 1 வினாடி, மீதி விடுவதற்கும் ஓய்வுக்கும். இழுக்கும் சுமார் 500 மில்லி காற்றில் கடைசியாக நுழையும் 150 மில்லி, தொண்டையிலும் மூச்சுக்குழல்களிலும் நின்றுவிட்டு, நுரையீரலின் காற்றறைகளைத் தொடாமலேயே வெளியேறிவிடும். எனவே இழுப்பின் முதல் அரை வினாடிக்குள் வரும் பல்ஸ் முழுப் பயன் தரும். பிந்தி வருவது, கருவி ஓடுகிறது என்ற நிம்மதியை மட்டும் தரும்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் எண் இறங்கியதும், ஆக்சிஜனின் அளவை வைக்கும் கருவியின் நிலையை 2-இலிருந்து 3-க்கும், பிறகு 4-க்கும் ஏற்றுவதுதான் தில்லியில் நான் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதல் வைத்தியமாக இருக்கிறது. பல்ஸ் நேரத்துக்கு வருகிறதா என்று பாராமல் எண்ணை ஏற்றினால் பிழை அப்படியே இருக்கும், பேட்டரி விரைவில் தீரும். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு அதில் வேறோர் ஆபத்தும் உண்டு: தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜன், இரத்தத்தில் கரியமில வாயுவைச் சேர விட்டு, காலைத் தலைவலி, பகல் தூக்கம், மனக்குழப்பம் என்று கொண்டுபோய் விடலாம். அவர்களில் பலருக்கு மருத்துவர் 88 முதல் 92 விழுக்காடு வரையிலான இரத்த ஆக்சிஜன் செறிவையே இலக்காக வைப்பதன் காரணம் இது. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் எண்ணை ஏற்றுவது முதல் படியாக இராது.

கருவியைத் தொடும் முன்

அலாரம் அடிக்கும்போது கண் தானாகவே கருவியின் திரைக்குப் போகும். முதலில் நோயாளியின் முகத்துக்குப் போக வேண்டும். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் திணறினாலோ, பேச்சு குழறினாலோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த கீழ் எல்லைக்கும் கீழே செறிவு நின்றாலோ, கருவியை ஆராய்வதை விட்டுவிட்டு, மாற்று ஏற்பாடாக வைத்துள்ள சிலிண்டருக்கோ பெரிய செறிவூட்டிக்கோ மருத்துவர் சொன்ன அளவில் அவரை மாற்றிவிட்டு ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் விரல் பழக்கத்தால் 108-ஐ அழுத்தும். தில்லியில் கேட்ஸ் ஆம்புலன்சுக்கு 102, பொதுவான அவசர உதவிக்கு 112 என்பதைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டி வைப்பது நல்லது. மாற்று ஏற்பாடு இல்லாத வீட்டில் இந்தக் கருவி ஒன்றை மட்டும் நம்பி இருப்பது கூடாது.

ஒட்டும் தாளில் இன்னொன்றும் வேண்டும். திரையில் தோன்றும் செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கும், பகலில் உடன் இருக்கும் உதவியாளருக்குப் பெரும்பாலும் இந்திதான் தெரியும், அம்மாவுக்கோ தமிழ் மட்டுமே தெரியும். எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், யாரை அழைப்பது என்பதைத் தமிழிலும் இந்தியிலும் இரண்டு இரண்டு வரியாக எழுதி வைத்தால், கீழே வரும் பாதிப் பிழைகளை அவர்களே தீர்த்துவிடுவார்கள்.

‘மூச்சு இல்லை’ என்று அலாரம் அடிக்கிறது. பல்ஸ் வருவதே இல்லை

மிகுதியாக நேர்வது இதுதான், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கருவியின் வகையைப் பொறுத்து, சுமார் 15 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை எந்த உறிஞ்சலையும் உணராவிட்டால் அது எச்சரிக்கும். சில கருவிகள் அப்போது தாமாகவே ஒரு சீரான வேகத்தில் பல்ஸ் விடத் தொடங்கும். சில தொடர் ஓட்டத்துக்கு மாறும். சில அலாரத்தோடு நின்றுகொள்ளும். உங்கள் கருவி இவற்றுள் எதைச் செய்யும் என்பதைக் கையேட்டில் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தானாகப் பல்ஸ் விடும் வகையாக இருந்தால், சத்தம் கேட்பதை வைத்துப் பிழை நீங்கிவிட்டது என்று ஏமாந்துபோக இடமுண்டு.

மூக்கிலிருந்து கருவியை நோக்கித் தேடிக்கொண்டு வர வேண்டும். கேனுலாவின் இரு முனைகளும் மூக்குத் துளைக்குள் இருக்கின்றனவா, அவற்றின் வளைவு உள்நோக்கிக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டிய கேனுலா மூக்கின் மேல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சளி காய்ந்து முனையை அடைத்திருக்கலாம். தில்லியின் குளிர்காலத்தில் மூக்கடைப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். இரு துளைகளும் அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுபவரிடமிருந்து கருவிக்கு எந்தச் செய்தியும் போகாது. உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு மூக்கைச் சீந்திய பிறகு அலாரம் நின்றால் பிழை மூக்கில்தான் இருந்தது. வாய் திறந்திருந்தாலும் மூக்கின் வழியாகச் சிறிதளவு காற்று போய்க்கொண்டிருப்பவருக்குக் கருவி பொதுவாக வேலை செய்யும் என்பதால், வாய் திறந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

அடுத்தது குழாய். நாற்காலிக் காலுக்கு அடியிலோ கதவிடுக்கிலோ மடங்கியிருப்பது முதல் காரணம். நீளம் இரண்டாவது காரணம். அதைக் காரணமாக யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பெரிய செறிவூட்டிக்கு 10 அல்லது 15 மீட்டர் நீட்டிப்புக் குழாய் இணைத்து, குளியலறை வரை நடமாடிப் பழகியவர்கள் அதே குழாயைச் சிறிய கருவியிலும் செருகிவிடுகிறார்கள். தொடர் ஓட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் பல்ஸ் முறையில் மூக்கின் உறிஞ்சல் அந்த நீளம் முழுவதும் பயணம் செய்து கருவியின் உணரியை அடைய வேண்டும். குழாய் நீள நீள அழுத்த மாற்றம் மழுங்கிப்போகும், திரும்பி வரும் பல்ஸும் பிந்தும். பல கருவிகளுக்கு 2 மீட்டர் அளவிலான கேனுலாவே விதிக்கப்பட்டிருக்கிறது. சில கருவிகள் ஏறத்தாழ 7.5 மீட்டர் வரை இடம் தருகின்றன. கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டாதீர்கள். குழந்தைகளுக்கான மெல்லிய கேனுலாவும் இதே காரணத்தால் ஆகாது. மாதக்கணக்கில் மாற்றாத கேனுலா விறைத்து, இணைப்பில் தளர்ந்து, காற்றைக் கசிய விடும். இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்துக்குள் மாற்றிவிடுவது வழக்கம்.

மூன்றாவது, ஈரப்பதக் குடுவை. மருத்துவமனையிலும் பெரிய செறிவூட்டியிலும் நீர் குமிழியிடும் குடுவையைப் பார்த்துப் பழகியதால், சிறிய கருவிக்கும் அதை வாங்கி நடுவில் இணைப்பவர்கள் உண்டு. நீரின் வழியாக உறிஞ்சல் கருவியை எட்டாது. பல்ஸ் முறையில் இந்தக் குடுவைக்கு இடமே இல்லை. முகமூடியும் அப்படித்தான்: அதன் பக்கத் துளைகள் வழியே அறைக் காற்று புகுந்துவிடுவதால் கருவிக்கு எட்டும் அளவுக்கு உறிஞ்சல் உண்டாகாது.

கோவிட் காலத்தில் பரவிய ஒரு சோதனை இன்னும் பழக்கத்தில் இருக்கிறது: கேனுலாவின் முனையைத் தண்ணீர்க் குவளையில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. தொடர் ஓட்டக் கருவிக்கு அது சரியான சோதனை. பல்ஸ் கருவி தண்ணீருக்கு மூச்சு இல்லை என்று கண்டு சும்மா இருக்கும், நல்ல கருவியைக் கெட்டது என்று திருப்பி அனுப்பும் நிலையும் வரும். இதற்குப் பதிலாக, வீட்டில் உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் புதிய கேனுலா ஒன்றை மாட்டிக்கொண்டு, வாயை மூடி, மூக்கால் சில மூச்சு இழுத்துப் பார்க்கலாம். ஒவ்வோர் இழுப்புக்கும் பல்ஸ் வந்தால் கருவி நலம்; குறை நோயாளியின் மூக்கிலோ பழைய குழாயிலோ இருக்கிறது. வராவிட்டால் கருவியின் உணரியிலோ வால்விலோ பழுது இருக்கலாம். அது சர்வீஸ் மையத்துக்குப் போக வேண்டியது.

பல்ஸ் வருகிறது, மூச்சோடு சேரவில்லை

நோயாளி மூச்சு விடும்போது பல்ஸ் வருவது, அல்லது ஒரே மூச்சுக்கு இரண்டு வருவது, பெரும்பாலும் வெளிக்காற்றின் வேலை. பெடஸ்டல் மின்விசிறியோ, ஏ.சி.யோ, ஜன்னலில் பொருத்திய கூலரோ நேரே முகத்தில் வீசும்போது, கேனுலா முனையைக் கடந்து போகும் காற்றைக் கருவி மூச்சென்று எடுத்துக்கொள்ளும். இடத்தை மாற்றியவுடன் சரியாகிவிடும். குழாய் நடையில் ஆடுவதாலும் குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்குவதாலும் இது நேரலாம். குழாயைக் காதுக்குப் பின்னே செலுத்தி, தாடைக்குக் கீழே பூட்டை மேலேற்றி, சட்டையில் ஒரு கிளிப் போட்டுவிட்டால் போதும். உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள கருவியில் அதை யாரேனும் மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

பிந்தி வருவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் எந்த அலாரமும் அடிக்காது. நோயாளியின் மார்பில் உங்கள் உள்ளங்கையை லேசாக வைத்துக்கொண்டு கருவியின் சத்தத்தையோ பச்சை விளக்கையோ கவனியுங்கள். மார்பு எழத் தொடங்கும்போதே பல்ஸ் வர வேண்டும். பாதி எழுந்த பிறகு வந்தால் நீளமான குழாய், ஓரளவு அடைத்த மூக்கு, குறைந்த உணர்திறன் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எனக்குத் தெரிந்த சோதனைகளில், செலவே இல்லாமல் அதிகம் சொல்லிக் கொடுப்பது இதுதான்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, ஆக்சிமீட்டரில் எண் மட்டும் இறங்குகிறது

முதலில் ஆக்சிமீட்டரையே சந்தேகியுங்கள். ஜனவரியில் விறைத்த விரலில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும், கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைகொள்ளும் வரை ஒரு நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். நகப்பூச்சும், அடர்ந்த கருநிறமாகப் பிடித்த மருதாணியும் எண்ணைக் குறைத்துக் காட்டலாம். மறுதலையாக, கருமையான தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் போக்கும் ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால், எண் நன்றாக இருந்தும் நோயாளி திணறினால் எண்ணை நம்பாமல் ஆளை நம்புங்கள்.

ஆக்சிமீட்டர் சரி என்றால் அடுத்த கேள்வி, நிலையின் எண் எதைக் குறிக்கிறது என்பது. மருத்துவர் 2 லிட்டர் என்று எழுதியிருப்பார். கருவியில் 2 என்ற நிலை இருக்கும். இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடுவோம். பல்ஸ் கருவியின் 2 என்பது லிட்டர் அன்று. சந்தையில் உள்ள ஒரு வகைக் கருவி நிலை 2-இல் நிமிடத்துக்கு மொத்தம் 420 மில்லி ஆக்சிஜனைத்தான் உண்டாக்குகிறது. நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 21 மில்லி கிடைக்கும். இது இழுப்பின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், ஓய்வாக அமர்ந்திருப்பவருக்குத் தொடர் ஓட்டத்தின் 2 லிட்டருக்கு ஏறத்தாழ ஈடாக இருக்கலாம். அவரே மாடி ஏறி நிமிடத்துக்கு 30 மூச்சு வாங்கும்போது, அதே 420 மில்லி முப்பதாகப் பங்கிடப்பட்டு ஒரு மூச்சுக்கு 14 மில்லி ஆகிவிடும். ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது குறைகிறது. இன்னொரு வகைக் கருவிகள் ஒரு மூச்சுக்கு இவ்வளவு என்று மாறாமல் கொடுக்கும். ஆனால் அவற்றுக்கும் ஒரு நிமிடத்தில் உண்டாக்கக்கூடிய உச்ச அளவு உண்டு, அதைத் தாண்டினால் பல்ஸைச் சுருக்கும், அல்லது சில மூச்சுகளைத் தவற விடும். எனவே ஒரு நிறுவனத்தின் 2-ஐயும் மற்றொன்றின் 2-ஐயும் சமமாகக் கொள்ள முடியாது.

இந்தக் கணக்கு தில்லியில் காகிதத்தில் நிற்பதில்லை. தில்லி மேம்பாட்டு ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய பழைய குடியிருப்புகளில் பல, லிப்ட் இல்லாத அடுக்குகள். மூன்றாம் மாடியில் இருப்பவர் கடைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனைக்கு ஆளாகிறார். ஆர்.கே. புரம் மலை மந்திரின் படிகளை ஏறிச் சுவாமிநாதனைத் தரிசிக்க நினைப்பவருக்கும் இதே நிலைதான். செய்ய வேண்டியது: ஓய்வில் ஒரு முறை, நடந்து முடித்தவுடன் ஒரு முறை, அரை நிமிடம் கழித்து இன்னொரு முறை செறிவை எழுதி வையுங்கள், இரத்தம் விரலுக்கு வந்து சேர நேரமாவதால் மிகத் தாழ்ந்த எண் பெரும்பாலும் நின்ற பிறகுதான் தெரியும். அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போய், உங்கள் கருவியையே மாட்டிக்கொண்டு 6 நிமிட நடைச் சோதனை செய்யக் கேளுங்கள். ஓய்வுக்கு ஒரு நிலை, நடைக்கு ஒரு நிலை என்று அவர் பிரித்து எழுதிக் கொடுக்கலாம். நடையின்போது வேகத்தைக் குறைப்பதும், பத்துப் படிக்கு ஒரு முறை நிற்பதும், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவதும் மூச்சின் எண்ணிக்கையைக் குறைப்பதால், நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கருவியின் பல்ஸும் பெரிதாகும்.

நுரையீரல் தழும்பேறும் நோய் உள்ளவர்கள் சிறு உழைப்புக்கே வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு வாங்குவார்கள், அவர்களின் செறிவும் சட்டென்று சரியும். அவர்களில் சிலருக்கு எந்த நிலையில் வைத்தாலும் பல்ஸ் முறை போதாது. அதைக் கருவியின் பழுதாகக் கருதி மையத்துக்கும் வீட்டுக்கும் அலைவதைவிட, தொடர் ஓட்டக் கருவிக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசுவதே பயன் தரும்.

ஒரு மூச்சின் 500 மில்லியில் 20 மில்லிதான் கருவியிலிருந்து வருகிறது. மீதி 480 மில்லி அறைக் காற்று. நுரையீரலுக்குப் போகும் கலவையில் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 24-க்கு உயர்கிறது, அவ்வளவே. நவம்பர் மாதப் புகைமூட்டத்தில் கருவி இருக்கிறதே என்ற துணிவில் காலை நடைக்குப் போவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும். மலை வாசத்தலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: தில்லி கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்றே மேலே இருக்கிறது, சிம்லாவோ 2,200 மீட்டர் அளவில் இருக்கிறது. விமானத்தின் உள்ளறை அழுத்தமும் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இறங்கக்கூடும் என்பதால், சென்னைக்குப் பறக்கும் முன் பயணத்துக்கான நிலையைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவில் மட்டும் குறைகிறது

உறக்கத்தில் மூச்சு மெலிந்து, வாய் திறந்து, கேனுலா நழுவும். விழித்திருக்கும்போது தவறாமல் உணரும் கருவி, உறக்கத்தில் பல மூச்சுகளைத் தவற விடலாம். உறக்கத்துக்கென்று உணர்திறனைக் கூட்டும் வசதி சில கருவிகளில் உண்டு. ஆனால் உங்கள் நோயாளிக்கு அது போதுமா என்பதை, இரவு முழுவதும் செறிவைப் பதிவு செய்து பார்த்த பிறகுதான் மருத்துவர் சொல்ல முடியும். அதுவரை இரவுக்குத் தொடர் ஓட்டச் செறிவூட்டியே உரியது. மூச்சுக்கு அழுத்தக் காற்றைத் தரும் பைபாப், சீபாப் கருவிகளின் குழாயோடு பல்ஸ் கருவியை இணைக்கவே கூடாது. அந்தக் காற்றழுத்தத்தில் அதனால் மூச்சைப் பிரித்து உணர முடியாது.

‘ஆக்சிஜன் தூய்மை குறைவு’ என்ற எச்சரிக்கை

சுற்றியுள்ள காற்றை அழுத்தி, சியோலைட் என்ற நுண்துளைப் பொருள் நிறைந்த உருளைகளுக்குள் செலுத்தி, நைட்ரஜனை அதில் பிடித்து வைத்துவிட்டு, ஆக்சிஜனை மட்டும் வெளியே எடுப்பதுதான் செறிவூட்டியின் வேலை. சிறிய கருவிகளில் வெளிவரும் வாயு பொதுவாக 87 முதல் 96 விழுக்காடு வரை தூய்மையாக இருக்கும். கருவியை இயக்கிய முதல் சில நிமிடங்களில் இந்த எச்சரிக்கை வந்து தானே மறைந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

மறையாவிட்டால் காற்று நுழையும் வழியைப் பாருங்கள். பையின் துணி வலைக்கண்களை மூடியிருக்கலாம், சுவரோடு ஒட்டி வைத்திருக்கலாம், வடிகட்டியில் தூசி அடைந்திருக்கலாம். வாரம் ஒரு முறை வடிகட்டியைச் சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவச் சொல்வார்கள்; மே மாதப் புழுதிப் புயலுக்கும் குளிர்காலப் புகைக்கும் நடுவே வாழும் நாம் அதை இரண்டு முறையாக்கிக்கொள்வது தகும். ஈரமாக இருக்கும்போது திரும்பப் பொருத்தாதீர்கள். இரண்டாவது வடிகட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது எளிது.

ஈரம் சியோலைட்டின் பகை. நைட்ரஜனைப் பிடிக்க வேண்டிய துளைகளில் நீராவி ஏறிக்கொண்டால், உருளையின் திறன் படிப்படியாக விழும். தில்லியின் கோடையில் கூலர் ஓடும் அறையின் காற்று, வெளியே வறண்டு கிடந்தாலும் உள்ளே பிசுபிசுக்கும் ஈரத்தோடு இருக்கிறது; கூலரின் காற்றோட்டத்தில் செறிவூட்டியை வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பது என் கருத்து. குளியலறைக் கதவருகே வைப்பதும் அப்படியே. நோயாளி தேறிவிட்டார் என்று மாதக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைத்த கருவியிலும் ஈரம் ஏறும். கையேட்டில் சொல்லியுள்ள இடைவெளியில் எடுத்துச் சிறிது நேரம் ஓட விட வேண்டும். உருளை தேய்ந்துவிட்டால், சில கருவிகளில் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், மற்றவற்றுக்குச் சர்வீஸ் மையம்தான் வழி.

சூடேறி நின்றுவிடுகிறது

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 40 பாகை செல்சியஸ் வரையிலான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டவை. தில்லியில் மே, ஜூன் பகல்களில் வெப்பம் 45 பாகையைத் தொடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிடவும் ஏறும். எனவே நண்பகலில் தெருவில் கருவி அணைந்தால் அது பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. நிழலுக்கும் குளிர்ந்த அறைக்கும் கொண்டுவந்து, பையிலிருந்து வெளியே எடுத்து, ஆறிய பிறகு இயக்குங்கள். அதுவரை நோயாளிக்கு மாற்று ஆக்சிஜன் வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஈரத்துணி சுற்றிக் குளிர வைப்பதும் குளிர்பெட்டியில் வைப்பதும் கேடு தரும். உள்விசிறி சுழலும் சத்தமே கேட்காவிட்டால் மையத்துக்கு அனுப்புங்கள். குளிர்காலத்தில் ஹீட்டருக்கு அருகே வைத்துச் சூடேறிய கருவிகளும் உண்டு. அங்கே சூட்டைவிடத் தீயின் அபாயம் பெரிது.

பேட்டரி நேரத்துக்கு முன்பே தீர்கிறது, அல்லது ஏறுவதில்லை

நிலை ஏற ஏறப் பேட்டரி விரைந்து குறையும். நிலை 2-இல் கிடைக்கும் மணிகளை நிலை 4-இல் எதிர்பார்க்க முடியாது. சூடான பேட்டரியைக் கருவி ஏற்ற மறுப்பது அதன் பாதுகாப்புக்காகத்தான், ஆறியதும் ஏறும். காரில் ஏற்றும்போது எஞ்சின் ஓட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் ஏறாமல், மின்வாரிய மின்சாரத்தில் ஏறினால், இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். சதுர அலை வகையில் சில அடாப்டர்கள் தடுமாறும். தொடர்வண்டியில் கைப்பேசிக்கென்று உள்ள சாக்கெட்டை நம்பிச் சென்னைக்குப் புறப்பட வேண்டாம்.

மூக்கு உலர்கிறது, இரத்தம் கசிகிறது

குடுவை இணைக்க முடியாது என்பதை மேலே சொன்னேன். உப்புநீர்ச் சொட்டும், நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லும் போதும். நம் வீடுகளில் உடனே கைக்கு வருவது தேங்காய் எண்ணெய், வாசலின், நெஞ்சுக்குத் தடவும் தைலம்; எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும், முகம் தீப்பற்றும். பூசை அறை விளக்கு, கற்பூர ஆரத்தி, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு, வடநாட்டுக் குளிரில் மூட்டும் அங்கீட்டிக் கரியடுப்பு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளியே கருவியும் நோயாளியும் இருக்க வேண்டும். தாத்தா ஆரத்தி எடுத்தே தீருவேன் என்றால், வேறொருவர் எடுக்க அவர் தள்ளி உட்கார்ந்து கும்பிடலாம்.

சிலிண்டரில் பொருத்திய கன்சர்வர்

பல்ஸ் நின்றால் முதலில் கன்சர்வரின் சிறு பேட்டரியையும், பிறகு அழுத்தமானியையும் பாருங்கள். பேட்டரி இல்லாமல் இயங்கும் வகைகளில் சிலவற்றுக்கு இரட்டைக் குழாய் கேனுலா தேவை. சாதாரணக் கேனுலாவைச் செருகினால் அது மூச்சை உணராது. பெரும்பாலானவற்றில் தொடர் ஓட்டத்துக்கு மாற்றும் திருகு இருக்கும். அவசரத்தில் அதைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் சிலிண்டர் பல மடங்கு விரைவில் காலியாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மையத்தை அழைக்கும்போது

கருகிய வாடை, வழக்கத்துக்கு மாறான உலோகச் சத்தம், புதிய கேனுலாவோடும் நலமானவருக்கும் பல்ஸ் வராமை, சுத்தமான வடிகட்டியோடும் மறையாத தூய்மை எச்சரிக்கை ஆகியவை வீட்டில் தீர்க்கக்கூடியவை அல்ல. அழைக்கும்போது கருவியின் மாடல், ஓடிய மொத்த மணி, திரையில் வந்த செய்தியின் படம், அப்போது இருந்த நிலை, குழாயின் நீளம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டால், தொழில்நுட்பப் பணியாளர் இந்தியில் கேட்கும் முதல் ஐந்து கேள்விகளுக்கு விடை முன்பே கிடைத்துவிடும். தூய்மையையும் பல்ஸின் அளவையும் மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘செக் கியா, டீக் ஹை’ (பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது) என்ற வாய்ச்சொல்லோடு திருப்பி வாங்காதீர்கள். பழுது பார்க்கும் நாட்களில் மையம் வேறு மாடல் ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுத்தால், பழைய கருவியின் நிலையெண்ணை அதில் அப்படியே வைக்காமல், ஓய்விலும் நடையிலும் செறிவை அளந்து, அந்த எண்களை மருத்துவரிடம் சொல்லிப் புதிய நிலையைக் கேட்டுப் பெற வேண்டும்.